கல்லூரி உதவித்தொகை: வீடே சேர்ந்து தேட வேண்டிய தேடல்



மே மாதம் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்ததும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பல வீடுகளில் இனிப்பு கொடுப்பார்கள். நாமும் மதிப்பெண்ணைக் கேட்டு, வாழ்த்திவிட்டு வந்துவிடுகிறோம். அன்று இரவு அந்த வீட்டில் நடக்கும் பேச்சு நம் காதில் விழுவதில்லை. இடம் எப்படியும் கிடைத்துவிடும், முதல் தவணையை எங்கிருந்து கட்டுவது என்பதே அந்தப் பேச்சு.

உதவித்தொகைகள் இல்லாமல் இல்லை. மாநில அரசு தருகிறது, மத்திய அரசு தருகிறது, அறக்கட்டளைகள் தருகின்றன, கல்லூரிகளே தருகின்றன. ஆனால் நாங்கள் பல ஆண்டுகளாகக் கண்டுவருவது ஒன்று உண்டு. மதிப்பெண் குறைந்ததால் உதவித்தொகையை இழந்த பிள்ளைகளை நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. ஒரு காகிதம் குறைந்ததால் இழந்தவர்களைத்தான் அடிக்கடி பார்க்கிறோம். அதற்குப் பெற்றோரின் அக்கறையின்மை காரணமல்ல. அந்தக் காகிதத்தை வாங்கிவர வீட்டில் ஒருவருக்கும் ஒரு பகல் பொழுது கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். மந்தைவெளியில் ஓர் அறையும் ஒரு சமையலறையுமாக வாடகை வீடு. தந்தை தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் போனால் வெளியே வர இரவு பத்து மணி ஆகும். தாய் ராஜா அண்ணாமலைபுரத்தில் மூன்று வீடுகளில் சமையல் வேலை செய்கிறார். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து மாநகராட்சிப் பள்ளியில் படித்து, பி.காம். சேர்ந்தாள். எட்டாம் வகுப்பில் ஒரு தம்பி. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டி.

முதலாண்டில் மகள் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டாள். வீட்டில் இருந்த ஒரே நல்ல கைபேசி தந்தையுடையது. பதிவு செய்யும்போது அந்த எண்ணைத்தான் கொடுத்தாள். கணினியில் ஒவ்வொரு படியிலும் ஓ.டி.பி. கேட்டது. ஓ.டி.பி. கடைக்குப் போனது. கடையிலோ வேலை நேரத்தில் ஊழியர்கள் கைபேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும். இரவு பத்தரை மணிக்கு அவர் குறுஞ்செய்திகளைப் பார்த்தபோது ஒன்பது எண்கள் வரிசையாக வந்து, ஒன்பதும் காலாவதியாகியிருந்தன. இப்படி ஒரு வாரம் போயிற்று. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தந்தை இரண்டு மணி நேரம் தாமதமாக வேலைக்கு வருவதாகச் சொல்லி அனுமதி வாங்கிய பிறகுதான் விண்ணப்பம் முடிந்தது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது, பணம் மட்டும் வரவில்லை. அந்தப் பணம் என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறோம்.

தியாகராய நகர்க் கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு உட்கார ஓர் இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-ல்தான். அப்படிப்பட்ட வேலையில் இருப்பவரிடம் தாலுகா அலுவலகத்துக்கு மூன்று முறை போய்வாருங்கள் என்று சொல்வது எளிது. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போகும்.

தேடல் தொடங்கும் இடம்

உதவித்தொகை தேடுவது என்றதும் பிள்ளைகள் கணினி முன் உட்கார்ந்துவிடுகிறார்கள். நூற்றுக்கணக்கான பெயர்கள் வருகின்றன. பாதி வேறு மாநிலத்துக்கானவை, சில எப்போதோ நின்றுபோனவை. சிறுபான்மை ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. ஆனால் பழைய பட்டியல்களில் அதன் பெயர் இன்னும் இருக்கிறது. இரண்டு மணி நேரம் தேடிய பிள்ளை சோர்ந்து எழுந்துவிடும்.

நாங்கள் சொல்வது வேறு வழி. முதலில் வீட்டின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் யார், என்ன வேலை செய்கிறார், எங்கே படித்தார் என்பதே ஒவ்வொரு உதவிக்கும் வாசல்.

தாயிலிருந்து தொடங்குவோம். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் நலவாரியங்கள் இருக்கின்றன. 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தவை அவை. கட்டுமானத் தொழிலாளர், தையல் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர் எனத் தனித்தனி வாரியங்கள். வீட்டு வேலை செய்பவர்களுக்கான வாரியம் 2007-ல் ஏற்பட்டது. இவற்றில் பதிவு செய்துள்ளவர்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் படிப்புக்கும் கல்வி உதவி உண்டு. தொகை பெரிதல்ல, ஆனால் புத்தகச் செலவுக்காவது ஆகும். நொச்சிக்குப்பம், ஊரூர் ஆல்காட் குப்பம் போன்ற கடலோரக் குடும்பங்களுக்கு மீனவர் நலவாரியம் இருக்கிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், பிள்ளைக்கு இடம் கிடைத்த பிறகு அவசர அவசரமாக அட்டை வாங்கப் போவதால் பயனில்லாமல் போகலாம். முன்பே பதிந்திருக்க வேண்டும், காலாகாலத்தில் புதுப்பித்திருக்கவும் வேண்டும். எங்கள் மந்தைவெளித் தாயிடமும் அப்படி ஓர் அட்டை இருந்தது. சங்கத்துக்காரர்கள் வந்து எழுதிக்கொடுத்தது. புதுப்பிக்கவேயில்லை.

தந்தை கடையில் வேலை செய்கிறார். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளில் ஆண்டுக்கு ஒரு முறை தொழிலாளர் நல நிதி என்று சம்பளத்திலிருந்து ஒரு சிறு தொகை பிடிப்பார்கள். முதலாளியும் தன் பங்கைச் சேர்த்துச் செலுத்துவார். அந்தப் பணம் போகுமிடம் தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியம், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. அந்த வாரியம் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை வழங்குகிறது. பல ஆண்டுகளாகப் பணம் செலுத்திவரும் எத்தனையோ விற்பனையாளர்கள் இதைக் கேள்விப்பட்டதேயில்லை. சம்பளச் சீட்டைப் பார்த்து, பிடித்தம் இருக்கிறதா என்று கடையின் கணக்காளரிடம் கேட்டால் போதும்.

அடுத்து, பிள்ளை படித்த பள்ளி. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எந்தப் பள்ளி என்பது இப்போது மதிப்பெண் அளவுக்கு முக்கியமாகிவிட்டது. மாநகராட்சிப் பள்ளியும் அரசுப் பள்ளியாகவே கணக்கிடப்படும். மயிலாப்பூர், தியாகராய நகர் பகுதிகளில் உள்ள பல பழைய பள்ளிகள் அரசு உதவி பெறும் பள்ளிகள். இரண்டும் ஒன்றல்ல. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு மருத்துவப் படிப்புக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலியவற்றுக்கு 2021-லும் வந்தது. அதன்கீழ் சேரும் பிள்ளைகளின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கிடையாது. புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியபோது, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றிருந்தது. 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் என்று வந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் 2024-ல் சேர்த்தார்கள். இவற்றுக்குக் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம் போகும். அவ்வாண்டு விதி என்ன என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாட்டியிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. முதல் பட்டதாரி என்ற சலுகை 2010-ல் வந்தது. குடும்பத்தில் தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் யாரும் பட்டம் பெறாமலிருந்து, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்குப் படிப்புக் கட்டணத்தில் சலுகை உண்டு. பொறியியலுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் என்பது கணக்கு. அண்ணனோ அக்காளோ முன்பே பட்டம் வாங்கியிருந்தால் அடுத்த பிள்ளை முதல் பட்டதாரி ஆக முடியாது. யார் எதுவரை படித்தார்கள் என்பது பாட்டிக்குத்தான் சரியாக நினைவிருக்கும். சான்றிதழ் கொடுக்கும் அதிகாரியும் அதையேதான் கேட்பார்.

நம் வாசகர்களில் சிலருக்கு மிகவும் தேவைப்படும் ஒரு செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறோம். ஆதிதிராவிட மாணவருக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, கிறிஸ்தவ மதத்தைத் தழுவிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கிடையாது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அப்படி. சாதிச் சான்றிதழிலும் பிற்படுத்தப்பட்டோர் என்றே இருக்கும். ஆகவே இவர்கள் ஆதிதிராவிடர் நலத்துறைப் பக்கமே போவதில்லை. ஆனால் மதம் மாறிய ஆதிதிராவிடர்களுக்கென்று தமிழ்நாடு அரசு மாநிலச் சிறப்பு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வைத்திருக்கிறது. கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவைப் பார்க்கும் அலுவலரிடம் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

யாருக்கு என்ன வேலை

வேலைக்குப் போகும் குடும்பத்தில் ஒருவரே எல்லாவற்றையும் செய்ய முடியாது. பெரும்பாலும் அந்தப் பாரம் படிக்கும் பிள்ளையின் தலையில் விழுகிறது. பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தந்தையின் சம்பளம் எவ்வளவு என்றுகூடத் தெரிந்திருக்காது.

மந்தைவெளிக் குடும்பம் இரண்டாம் ஆண்டில் வேலையைப் பிரித்துக்கொண்டது. பாட்டிக்குக் காகிதங்கள். அசல் எல்லாம் ஒரு பையில், ஜெராக்ஸ் எல்லாம் இன்னொரு பையில். பாட்டியைக் கேட்காமல் எந்தத் தாளும் வெளியே போகக் கூடாது. தம்பிக்குத் தேதிகள். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் கடைசித் தேதிக்குரிய தாளை முன்கூட்டியே தேடிப் பிடித்து, சிவப்பு மையில் எழுதிவைத்தான். கடைசி நாளில் எழுதுவதோடு, அதற்குப் பத்து நாள் முந்தைய தாளிலும் எழுதச் சொன்னோம். ஏனென்றால் கடைசி மூன்று நாட்களில் இணையதளம் ஆமை வேகத்தில் நகரும், இ-சேவை மையத்திலும் கூட்டம் தாங்காது. மகளுக்குப் படிவம் நிரப்புவதும் கல்லூரி அலுவலகமும். தாய்க்கு இ-சேவை மையம், ஏனென்றால் இரண்டாவது வீட்டுக்கும் மூன்றாவது வீட்டுக்கும் நடுவில் அவருக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். தந்தைக்கு ஒரே வேலைதான்: சம்பளச் சான்று வாங்கித் தருவது.

ஓ.டி.பி. சிக்கலுக்கும் வழி கண்டார்கள். பழைய பொத்தான் கைபேசி ஒன்றில் ஒரு சிம் போட்டு, அதை வீட்டிலேயே வைத்தார்கள். விண்ணப்பங்கள், வங்கிக் கணக்கு, ஆதார் மூன்றிலும் அந்த எண்ணையே கொடுத்தார்கள். ஆதாரில் எண்ணை மாற்ற ஒரு முறை நேரில் போக வேண்டியிருந்தது. அதன்பின் மகள் எங்கிருந்து கேட்டாலும் பாட்டி எண்களைப் படித்துச் சொல்லிவிடுவார். வெளியாள் யாருக்கும் ஓ.டி.பி. சொல்லக் கூடாது என்பதையும் பாட்டிக்குச் சொல்லிவைத்தோம். அவர் அதை எங்களுக்கே திருப்பிச் சொன்னார்: நீங்கள் கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்று.

ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் எல்லாரும் உட்காருவது என்றும் வைத்துக்கொண்டார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டுதான். எங்கே விண்ணப்பித்தோம், விண்ணப்ப எண் என்ன, கடவுச்சொல் என்ன, அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதுவார்கள். தந்தை கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார் என்றாலும் கேட்பார்.

வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று இவற்றுக்கு இப்போது தாலுகா அலுவலக வாசலில் நிற்கத் தேவையில்லை. இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய் கட்டணம். ஒரு முறை குடும்பத்தின் பெயரைப் பதிந்து எண் வாங்கிவிட்டால், பிறகு வீட்டிலிருந்தே, இரவிலும்கூட, விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் வட்டாட்சியரும் பார்த்துக் கையொப்பமிட நாட்கள் ஆகும். ஆகையால் தேர்வு முடிவுக்குக் காத்திராமல் ஏப்ரலிலேயே போட்டுவிடுவது நல்லது.

பெயரும் கணக்கும்

தமிழர்களாகிய நமக்கென்றே ஒரு தொல்லை உண்டு. அது இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் இருக்கும், அல்லது தந்தையின் முழுப்பெயரே இருக்கும். வங்கியில் இனிஷியலே இருக்காது. மனிதர்கள் பார்த்தால் ஒரே ஆள் என்று தெரியும், கணினிக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் மாற்றிவிடுங்கள். சான்றிதழை மாற்றுவதைவிட இது எவ்வளவோ எளிது. இதைப் பதினோராம் வகுப்பு விடுமுறையில் செய்துவிட்டால், பின்னால் பல நாள் அலைச்சல் மிச்சமாகும்.

அடுத்தது வங்கி. அரசு உதவித்தொகைகள் பெரும்பாலும் ஆதார் எண் வழியாக மாணவரின் கணக்குக்கு நேரே வருகின்றன. படிவத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினோம் என்பது அங்கே பேச்சில்லை. ஒருவருக்கு நான்கு கணக்குகள் இருந்தாலும், அரசுப் பணம் வருவதற்கென ஆதாரோடு இணைந்திருப்பது ஒரே ஒரு கணக்குதான். அது எது என்று வங்கியில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆதார் நகலைக் கொடுத்துவிட்டோம் என்று சொல்வது போதாது.

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டோம் என்று சொல்வதும் போதாது. தேசிய உதவித்தொகைத் தளத்தில் அனுப்பிய விண்ணப்பத்தைக் கல்லூரி அலுவலர் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் அது உயிரோடிருக்கும். அதற்கும் தனியாக ஒரு கடைசித் தேதி உண்டு. கூச்சப்படாமல் போய்க் கேட்க வேண்டும். தமிழக அரசின் உதவித்தொகைகளுக்கு யு.எம்.ஐ.எஸ். என்னும் தளத்தில் மாணவரின் விவரம் சரியாக ஏறியிருக்க வேண்டும். அதையும் அதே மேசையில்தான் கேட்க வேண்டும்.

சில திட்டங்கள், சில கணக்குகள்

உதவித்தொகை அறிவிப்புகள் ஆண்டு வருமானத்தைச் சொல்கின்றன. நம் வீடுகளில் மாதக் கணக்குதான் புரியும். 2.5 லட்சம் என்றால் மாதம் ஏறக்குறைய 20,800 ரூபாய். தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் சென்னைக் குடும்பம் இதைத் தாண்டிவிடக்கூடும். தாண்டிவிட்டது என்று தெரிந்ததும் பலர் தேடலையே நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு.

பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினப் பிள்ளைகள் அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் மூன்றாண்டு பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். படித்தால், இலவசக் கல்வித் திட்டத்தின் கீழ் வருமான நிபந்தனை இல்லாமலே உதவி உண்டு. முதுகலைக்கும் பாலிடெக்னிக்குக்கும் தொழிற்படிப்புக்கும்தான் 2.5 லட்சம் என்ற வரம்பு. பிளஸ் டூவில் தங்கள் தேர்வு வாரியத்தில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்த பிள்ளைகளுக்கு மத்திய அரசு வழங்கும் உதவித்தொகைக்கு வரம்பு 4.5 லட்சம், அதாவது மாதம் 37,500. பட்டப்படிப்பின் மூன்றாண்டும் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். ஆனால் இதை வாங்குபவர்கள் வேறு உதவித்தொகை வாங்கக் கூடாது என்பது விதி. எது பெரிது என்று ஞாயிறு இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பொறியியலோ பாலிடெக்னிக்கோ சேரும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. வழங்கும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். வருமான வரம்பு 8 லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். தரமணியில் பாலிடெக்னிக் சேரும் பெண்ணுக்கும் இது பொருந்தும் என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பதில்லை.

சென்னைப் பல்கலைக்கழகம் 2010-11 கல்வியாண்டில் ஓர் இலவசக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. ஆதரவற்றோர், விதவையரின் பிள்ளைகள், முதல் பட்டதாரிகள் முதலியோருக்கு முன்னுரிமை. தேர்வு முடிவு வந்த கையோடு விண்ணப்பிக்க வேண்டிய திட்டம் இது. ஜூலையில் கேள்விப்பட்டு ஓடினால் கதவு மூடியிருக்கும்.

அறக்கட்டளைகளும் நம் பகுதியில் நிறையவே உண்டு. ஏழை மாணவர் தங்கிப் படிக்க மயிலாப்பூரில் இராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் தொடங்கியது 1905-ல். தியாகராய நகரிலிருந்து இயங்கும் அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டம் 2010-ல் தொடங்கியது. இத்தகைய அமைப்புகள் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை, வீட்டுக்கே வந்து பார்க்கும். வரும்போது வீட்டைச் சோடித்து வைக்கவும் வேண்டாம், இல்லாத கஷ்டத்தைக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம். கடிதம் கேட்டால் பிள்ளை தன் கையாலேயே எழுதட்டும். பக்கத்து வீட்டு ஆசிரியர் எழுதித் தரும் அழகான கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்பதைக் கடிதம் படிப்பவர்கள் நன்றாக அறிவார்கள்.

கல்விக் கடன் என்பது வேறு. அது திருப்பிக் கட்ட வேண்டிய பணம். உதவித்தொகைக் கதவுகளையெல்லாம் தட்டிப் பார்த்த பிறகு அந்தப் பக்கம் போகலாம். உதவித்தொகை கிடைத்துவிட்டது, இந்தக் கியூ.ஆர். குறியீட்டுக்குப் பணம் அனுப்புங்கள் என்று யாராவது அழைத்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். கொடுக்க வருகிறவர் முதலில் நம்மிடம் கேட்க மாட்டார்.

வாங்கியதைத் தக்கவைத்தல்

கணிதமேதை ராமானுஜன் 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடுதான் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் அது பறிபோனது. 1906-ல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேறவில்லை. 1912-ல் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அதற்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. மேதைக்கே விதி தளரவில்லை. இன்று மேலே சொன்ன 12,000 ரூபாய் உதவித்தொகை தொடர வேண்டுமானால் ஆண்டுத் தேர்வில் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தை ஆண்டுதோறும் போடவும் வேண்டும். முதலாண்டில் வாங்கிவிட்டு, இரண்டாம் ஆண்டில் தானாக வரும் என்று இருந்துவிடுபவர்கள் ஏராளம். தம்பியின் காலண்டரில் முதல் சிவப்பு எழுத்து அதற்குத்தான்.

நண்பர்களே, உங்களில் பலருடைய வீட்டில் சமையலுக்கும் துப்புரவுக்கும் ஒரு சகோதரி வருகிறார். அவருடைய பிள்ளை இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதுகிறதா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பணம் கொடுக்கச் சொல்லவில்லை. சம்பளம் பிடிக்காமல் அரைநாள் விடுப்பு, உங்கள் கணினியில் ஒரு மணி நேரம், பிரிண்டரில் பத்துத் தாள். நலவாரியப் பதிவுக்கு உங்கள் வீட்டில் வேலை செய்கிறார் என்று ஒரு வரி எழுதிக் கையொப்பம் தேவைப்பட்டால் அதுவும். ராஜா அண்ணாமலைபுரத்தில் அந்த மூன்று வீட்டுக்காரரில் ஒருவர் செய்தது இவ்வளவுதான்.

அந்த வீட்டு அம்மாள்தான் ஒரு மாலை அந்தத் தாயையும் மகளையும் உட்காரவைத்து, முதலாண்டு விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கணினியில் பார்த்தவர். தொகை அனுப்பப்பட்டது என்று எட்டு மாதத்துக்கு முன்பே பதிவாகியிருந்தது. வங்கிக்குப் போனால், இந்தக் கணக்குக்கு எதுவும் வரவில்லை என்றார்கள். அப்படியானால் அவள் ஆதாரோடு இணைந்திருப்பது எந்தக் கணக்கு? வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஞாயிறு இரவு பாட்டி டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். புதுப்பிக்காத வாரிய அட்டைக்கு அடியில், பழைய தடுப்பூசி அட்டையோடு சேர்ந்து, மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் எல்லாருக்குமாகத் தொடங்கிக் கொடுத்த கணக்கின் பாஸ்புத்தகம் கிடந்தது. திங்கட்கிழமை இரண்டு வீடுகளுக்கு இடையே கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தில் தாய் அதை வங்கிக்கு எடுத்துப் போய் இயந்திரத்தில் பதித்து வாங்கினார். நான்காண்டுகளாக வெறுமையாக இருந்த பக்கத்தில் ஒரே ஒரு வரி அச்சாகியிருந்தது. இரண்டாம் ஆண்டுத் தேர்வுக் கட்டணத்தை அந்த வாரமே கட்டிவிட்டார்கள்.